சில்லு வைத்த வீட்டில் பொங்கிய பால்

தம்பி,

நேற்று ரெலிபோனில் நீ கேட்டாய்: "யோசிச்சீங்களோ ஐயா?" நான் வழக்கம்போல "பாப்பம்" என்றேன். உன் பக்கத்து யன்னலில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் காற்று தண்ணீர்ப் பக்கமிருந்து வருகிறது என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. "சரி ஐயா, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ வைத்த பிறகும் நான் ரிசீவரைக் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேனாம். உன் அம்மா வந்து அதை வாங்கி வைத்துவிட்டு, "உந்தப் 'பாப்பம்' எண்ட சொல்லை இனி இந்த வீட்டிலை கேக்கக்கூடாது. இருங்கோ. சொல்லுங்கோ. நான் எழுதுறன்" என்றாள்.

ஆகவே நாங்கள் இப்போது குசினி மேசையில் இருக்கிறோம். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குப் புதிது இல்லை. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் நீ சிரிப்பாயாம். அதனால், தான் படித்த தமிழில்தான் எழுதுவாளாம். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடி எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள். அவள் எழுதுகிறாள் என்பதற்காக அவளைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்வேன் என்று நினைக்காதே.

நீ கேட்டது சின்னக் கேள்வி இல்லை. ரொறன்ரோவை விட்டு, நீ வேலைக்குப் போயிருக்கும் வடக்கே அந்த ஏரிக்கரை ஊருக்கு நாங்களும் வந்து உன்னோடு இருப்போமா என்று கேட்டாய். ஓம் அல்லது இல்லை, ஒரு சொல். அந்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டு இத்தனை நாளாக மென்றபடி திரிகிறேன். கடைகள் கூடின மோலில் நான் போய் இருக்கிற இடத்தில் மற்றக் கிழவர்களிடம் சொன்னேன். "அங்கை போய் ஆரோடை கதைக்கப் போறாய், மானோடையோ?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால், கண்ணை மூடிய உடனே அந்தத் தண்ணீர் வந்து நிற்கிறது. சாம்பல் நிறத்தில், அலை பெரிதாக இல்லாமல், மற்றக் கரையும் இல்லாமல்.

நாங்கள் மூவரும் அந்த ஊருக்குப் போன பயணம் கனவில் வந்ததா நிஜமாகவே போனோமா என்று சில வேளை எனக்கே குழப்பம். போனோம் என்பதற்கு ஒரே சாட்சி, அலுமாரிக்கு மேல் இருக்கிற அந்தப் பால் பானை. அதன் கதையிலிருந்துதான் உனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நீ முந்தி வேலை செய்த இடத்தில் உன்னோடு நின்ற பிக்கரிங் வெள்ளைக்காரப் பெடியன் தன் தகப்பனுடைய மோட்டோர்ஹோமை உனக்குத் தந்தான். இலையெல்லாம் கொட்டி முடிந்த காலம். இனி வசந்தம் வரைக்கும் அது சும்மா நிற்கப் போகிறது, கொண்டுபோ என்றானாம். அஜின்கோர்ட்டில் எங்கள் அப்பாட்மென்ற் வாசலில் நீ அதைக் கொண்டுவந்து நிறுத்தினபோது யன்னல்களில் பிள்ளைகள் முகத்தை வைத்துப் பார்த்தார்கள். நான் பெரிய வான் வண்டி என்று நினைத்தேன். உள்ளே ஏறினால் அடுப்பு இருக்கிறது, குளிர்பெட்டி இருக்கிறது, மேசையை இறக்கினால் கட்டில், மண்ணிறத் திரைச்சீலை. உன் அம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். பிறகு இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டு சொன்னாள்:

"இதுக்குள்ளை பால் காய்ச்சாமல் நான் படுக்கமாட்டன்."

"உது வாகனம். சில்லு இருக்கிறதுக்கெல்லாம் குடிபூரல் செய்யிறதோ?" என்றேன்.

"கதவு இருக்கு. அடுப்பு இருக்கு. படுக்க இடம் இருக்கு. நாங்கள் இருந்த பேஸ்மென்ரிலை இது மூண்டும் ஒழுங்கா இருந்ததோ?"

நீ சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுச் சரி என்றேன். ஏன் உடனே சரி என்றேன் என்று உனக்குத் தெரியுமோ தெரியாது. கனடாவுக்கு வந்த பிறகு உன் அம்மா ஒரு வீட்டிலும் பால் காய்ச்சவில்லை. எத்தனை வீடு மாறினோம்! மில்லிக்கனில் அந்த பேஸ்மென்ற், மழை பெய்தால் சுவர் வியர்க்கும். பிறகு பிள்ளையார் படத்தைக் குளியலறைக் கதவுக்கு எதிரே மாட்டவேண்டி வந்த அந்த ஒற்றை அறை. பிறகு இது. ஒவ்வொரு முறையும் சாமான் இறக்கின உடனே அவள் கேட்பாள், நான் வேண்டாம் என்பேன். "இது எங்கடை வீடோ? நாளைக்கே ஊரிலை சண்டை நிண்டால் திரும்பிப் போறதுதானே" என்பேன். பால் காய்ச்சிய இடத்தில் ஆள் வேர் விட்டுவிடும் என்று எனக்குள்ளே ஒரு எண்ணம். இந்த வண்டி என்றால் நாலு நாளில் திருப்பிக் கொடுக்கிற சாமான். இதற்குள் எவ்வளவு பால் வேண்டுமானாலும் பொங்கட்டும், எனக்கு என்ன என்றுதான் ஓம் சொன்னேன்.

போன பாதை முழுதும் எனக்கு மனப்பாடம். எழுத்துத் தெரியாதவனுக்குக் கண்தான் புத்தகம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு லொறியில் கிளீனராக ஓடின காலத்தில் ஒரு ஊர்ப்பெயரையும் நான் வாசித்தது இல்லை. ஆனால் எந்த மரத்தடியில் றோட்டு வளையும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். அதுபோல இதையும் பார்த்துக்கொண்டு வந்தேன். நகரம் முடிந்த பிறகு கறுத்த மண், கண்ணுக்கெட்டிய மட்டும் வெங்காயம் கிண்டி எடுத்த வயல். மணம் உள்ளே வந்தது, உன் அம்மா தும்மினாள். பிறகு குதிரை நிற்கிற வெள்ளை வேலி. பிறகு மரத்தால் செய்த பெரிய கரடி வைத்த பெற்றோல் கடை. அதற்குப் பிறகு பாறையை வெட்டி நடுவாலே விட்ட றோட்டு. இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புக் கல், அதில் தண்ணீர் ஒழுகி உறையத் தொடங்கியிருந்தது. பாறை உச்சியில் ஆரோ சின்னக் கற்களை அடுக்கி மனிசன் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். கை நீட்டிக்கொண்டு நின்ற அந்தக் கல் மனிசர்களைத் தாண்டத் தாண்ட எனக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. விழிக்கிறபோது பாறை, மறுபடி விழிக்கிறபோது பைன் மரம், மறுபடி விழிக்கிறபோது ஒரு வாகனமும் இல்லாத றோட்டு. நீ பாட்டுப் போட்டிருந்தாய், அது எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை. வண்டி ஓடுகிறதா, நிற்கிற வண்டிக்கு வெளியே காடுதான் ஓடுகிறதா என்றும் தெரியவில்லை. கடைசியாக விழித்தபோது காடு இல்லை. முன்கண்ணாடி முழுதும் தண்ணீர்.

அந்த ஊரைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை, நீ இப்போது அங்கே இருக்கிறாய். ஆனால் அன்று நான் பார்த்த ஊரை நீ பார்த்திருக்கமாட்டாய். ஒரே ஒரு தெரு, இரண்டு பக்கமும் கடைகள், கோடை முடிந்து எல்லாம் பூட்டு. ஐஸ்கிறீம் கடைக்கு மரப்பலகை அடித்திருந்தது. தோணிகளை வண்டிகளில் ஏற்றித் துணியால் மூடி, கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பொம்பிளைகள் மாதிரி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சிறுபிள்ளைகளின் ஊஞ்சலைச் சுருட்டி மேலே கட்டியிருந்தது. அம்மாவுக்கு அலுப்பு, வண்டியிலே படுத்துவிட்டாள். நீயும் நானும்தான் நடந்தோம். நடு றோட்டாலே நடந்தோம், விலகச் சொல்ல ஒரு கார் இல்லை. நான் ஒரு பெரிய பச்சைக் கதவைக் காட்டி, "உது என்ன கடை?" என்று கேட்டேன்.

நீ நின்று மேலே பார்த்தாய். "தெரியேல்லை ஐயா. போர்டைக் கழட்டிப்போட்டாங்கள்."

"அது?"

"அதிலையும் இல்லை. குளிர்காலத்துக் காத்து பிச்சுக்கொண்டு போயிடுமாம். எல்லாரும் கழட்டி உள்ளை வைச்சிடுவாங்களாம். திரும்ப மே மாதம்தான் மாட்டுவாங்கள்."

நான் அந்தத் தெருவை மேலும் கீழும் பார்த்தேன். ஒவ்வொரு கடைக்கு மேலும் போர்ட் இருந்த இடத்தில் வெயில் படாத வெளிர்ச் சதுரம் மட்டும் இருந்தது. ஒரு எழுத்தும் இல்லாத ஊர். நான் கிட்டப் போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். "தூண்டில் தொங்குது. இது மீன்பிடி சாமான் கடை" என்றேன். அடுத்ததில் சுழல் கதிரை தெரிந்தது. "இது சலூன்" என்றேன். நீயும் என் பக்கத்தில் வந்து முகத்தை வைத்துப் பார்த்தாய். உன் மூச்சும் என் மூச்சும் கண்ணாடியில் ஒன்றாய்ப் பூத்தன. தம்பி, இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நான் உன் பின்னாலே நடக்கிறவன். இது என்ன, அது என்ன என்று உன் தோளைத் தட்டிக் கேட்கிறவன். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒரே மாதிரி நடந்தோம். படித்த நீயும் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எனக்கு நடையே மாறிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த ஊரின் பெரிய மனிசன் மாதிரி நடந்தேன்.

கரைக்குப் போனோம். நான் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

"என்ன ஐயா, உப்புப் பாக்கிறியளோ?"

"கடலெண்டால் உப்பு இருக்க வேணும்."

"இது ஏரி."

"மற்றக் கரையைக் காணேல்லை. ஏரி எண்டு ஆர் சொன்னது?"

நீ சிரிக்கவில்லை. தூரத்தில் தண்ணீரோடு ஒட்டினபடி நின்ற சீமெந்துக் கட்டடத்தைக் காட்டினாய். "இந்தத் தண்ணியைத்தான் அங்கை சுத்தமாக்கி ஊருக்குக் குடுக்கிறது. அடுத்த மாதம் தொடக்கம் எனக்கு அதிலை வேலை" என்றாய். சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவின கையோடு இரவு வகுப்புக்கு ஓடி நீ படித்தது இந்தத் தண்ணீர்ப் படிப்புத்தான் என்பது தெரியும். அது உன்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை. பிறகு நீ காலால் கல்லைத் தட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "தனிய இருக்க எனக்கு விருப்பமில்லை ஐயா. நீங்கள் ரெண்டு பேரும் வாங்கோ."

"பாப்பம்" என்றேன்.

அந்தச் சொல்லைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேள். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில், "என்னையும் லொறியிலை கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்பாய். பாப்பம் என்பேன். பள்ளிக்கூட விடுதலை நாள் வரும், நீ சேட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கை முகப்பில் நிற்பாய், லொறி உன்னைத் தாண்டிப் போகும். நான் மேலே மூட்டைக்கு மேல் இருந்து கை காட்டுவேன். நீ கடைசியில் கொழும்பைப் பார்த்தது விமானம் ஏற, அதுவும் தனியாக, ஒளித்து ஒளித்து. இல்லை என்று சொல்லியிருந்தால் நீ அழுதுவிட்டு விளையாடப் போயிருப்பாய். ஓம் என்று சொல்லியிருந்தால் கூட்டிப்போயிருப்பேன். பாப்பம் என்று சொன்னதால்தான் நீ ஒழுங்கையில் நின்றாய். நாளைக்கு நீ ஒருத்தியைக் கட்டினால் அவளுக்கு இந்தச் சொல்லைச் சொல்லாதே. சண்டை பிடி, கோபத்தில் சாப்பிடாமல் இரு, அது எல்லாம் ஆறும். ஆளை வாசலில் நிற்க வைக்காதே.

சரி, பால் கதைக்கு வருகிறேன். வண்டி நிறுத்துகிற முகாம் பூட்டியிருந்தது. நாயோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார், அவர்தான் காவல். நீ ஏதோ கேட்டாய், அவர் ஏதோ சொன்னார். எங்களுக்குத் திருப்பிச் சொன்னாய்: "குழாய்த் தண்ணியைப் பூட்டியாச்சாம், விளக்கைப் பூட்டியாச்சாம். நிலத்தைப் பூட்ட வழியில்லையாம், நில்லுங்கோ எண்டுறார். இந்த நேரத்திலை இஞ்சை வாறது வேட்டைக்காரரும் வீட்டிலை சண்டை பிடிச்சுக்கொண்டு ஓடி வாறவையும்தானாம். நீங்கள் எந்தப் பகுதி எண்டு கேக்கிறார்."

உன் அம்மா தலையை வெளியே நீட்டி, "குடிபூர வந்தனாங்கள் எண்டு சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் உன்னைப் படுத்தின பாடு! வாசல் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்றாள். நீ, தண்ணீர் மேற்கே அல்லவா இருக்கிறது, கதவைத் திறந்தால் தண்ணீர் தெரியவேணும் என்று அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தாய். "குசினி யன்னலாலை தண்ணி தெரிஞ்சால் காணும். வாசலைக் கிழக்காலை திருப்பு" என்றாள். வண்டியை முன்னுக்கு எடுத்து, பின்னுக்கு எடுத்து, மரத்தில் இடிக்கப் பார்த்து, ஒரு வழியாக மூக்கு வடக்கே, வாசல் கிழக்கே என்று நிறுத்தினாய். கிழவர் தன் பாட்டில் கைகாட்டி வழி சொன்னார், நாய் குரைத்தது. அந்த இடம் வடக்குப் பக்கமாகச் சரிவு. கிழவர் இரண்டு தடித்த பலகை கொண்டுவந்து முன்சில்லுக்குக் கீழே வைத்து ஏற்றச் சொன்னார். மேசையில் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து, அது ஒரு பக்கமும் சாயாமல் நிற்கிற வரைக்கும் விடவில்லை. எனக்கு அந்த மனிசனைப் பிடித்துவிட்டது.

இரவு நல்ல நித்திரை. விடியப்புறத்தில் ஒரு கனவு. பழைய லொறி. நான் மூட்டைக்கு மேல் படுத்திருக்கிறேன், கீழே எஞ்சின் உறுமுகிறது, லொறி பின்பக்கமாகப் போகிறது. மெதுவாகப் போய் ஒரு இடத்தில் பொத்தென்று இறங்குகிறது. இறங்கின இடம் தண்ணீர். லொறி தாழாமல் தோணி மாதிரி மிதக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக என் பக்கத்தில் இருந்து, "கொழும்பு வந்திட்டுதோ ஐயா?" என்கிறாய். நான் பதில் சொல்ல வாயைத் திறக்க, "இஞ்சேருங்கோ, எழும்புங்கோ, நல்ல நேரம் போகப்போகுது" என்று உன் அம்மா காலில் தட்டினாள்.

வெளியே புகார், வெள்ளைப் பனிமூட்டம். மரமும் இல்லை, தண்ணீரும் இல்லை, வண்டிக்கு வெளியே உலகமே இல்லை. அவள் ஏரித் தண்ணீரில் முகம் கழுவி, குளிர்பெட்டிக் கதவில் பிள்ளையாரை ஒட்டி வைத்து, சேலைத்துணிக்குள்ளிருந்து ஒரு பானையை எடுத்தாள். பளபள என்று இருந்தது.

"இது எப்ப வாங்கினது?" என்றேன்.

"வந்த முதல் வருசம்."

"இவ்வளவு நாளும் எங்கை இருந்தது?"

"கட்டிலுக்குக் கீழை. ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்குக் கீழை."

நான் குளிர்பெட்டியிலிருந்து பாலை எடுத்துக் கொடுத்தேன். பால் மெல்ல ஏறியது. மூவரும் அந்தச் சின்ன அடுப்பைச் சுற்றித் தோளோடு தோள் முட்டி நின்றோம். பால் விளிம்புக்கு வந்து, ஒரு மூச்சு நின்று, பிறகு வழிந்தது. நீ வண்டி ஓட்டுகிற ஆசனப் பக்கமாக, நேரே வடக்கே. "வடக்காலை! வடக்காலை வழிஞ்சிட்டுது, நல்ல சகுனம், பாத்தீங்களோ!" என்று உன் அம்மா என் கையைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் புகை மணி கத்தத் தொடங்கியது. நீ துவாயால் விசிறினாய், நாய் குரைத்தது, புகாருக்குள்ளிருந்து கிழவர் சிவப்பு நெருப்பணைக்கிற சிலிண்டரோடு ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்தார். உன் அம்மா கொஞ்சமும் பதறாமல் ஒரு கோப்பையில் பாலை ஊற்றிச் சீனி போட்டு அவர் கையில் கொடுத்தாள். முதல் விருந்தாளி. அவர் சிலிண்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குடித்தார். நீ விளக்கம் சொல்ல, அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாய்: "பாலை வேணுமெண்டே பொங்க விடுற சனத்தை இண்டைக்குத்தான் பாக்கிறாராம். தன்ரை மனிசி இருந்திருந்தால் அடுப்பைத் துடை எண்டு அடிச்சிருப்பாவாம்." சொல்லிவிட்டு அவர் அடுப்பைத் தானே துடைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

பிறகு நான் கால் நீட்ட வெளியே இறங்கினேன். வண்டியைச் சுற்றி வந்தபோது முன்பக்கத்தில் நின்றுவிட்டேன். கிழவர் வைத்த இரண்டு பலகையும் சில்லுக்குக் கீழே இல்லை. சில்லுக்கு முன்னால், மண்ணில் கிடந்தன. சில்லு நிலத்தில் இறங்கி நின்றது. வண்டி வடக்கே சரிந்து நின்றது. நான் கனவில் கேட்ட எஞ்சின் கனவு இல்லை.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. திரும்பி வருகிற வழி முழுதும் நான் பேசாமல் இருந்தது கோபத்தில் என்று நீ நினைத்தாய், இல்லையோ? கோபம் இல்லை, தம்பி. தாயின் மனதைக் குளிர வைக்கப் பிள்ளை ஒரு சின்னக் கள்ளம் செய்திருக்கிறான், பால் வடக்கே வழிந்தால் அவள் மறுபேச்சில்லாமல் இந்த ஊருக்கு வருவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அதைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. இன்றைக்கும் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் உனக்கு உண்மையான பதில் சொல்வதென்றால் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே எழுதுகிற ஆளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டுப் பார்த்தால் உன் அம்மா பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான்தான் எடுக்கச் சொன்னனான்" என்றாள்.

"என்னத்தை?"

"பலகையை. விடியப்புறம் நான்தான் அவனை எழுப்பி, முன்சில்லை இறக்கிவிடு தம்பி, பால் வடக்காலை வழியட்டும் எண்டனான். அவன் மாட்டன் எண்டு நிண்டவன்."

"அப்ப உனக்கு அவன்ரை வேலை விசயம்..."

"உங்களுக்கு முதலே சொல்லிப்போட்டான். நான் அப்பவே ஓம் எண்டிட்டன்."

"பிறகு ஆரைப் பேய்க்காட்ட உந்த வேலை?"

"உங்களைத்தான்."

"நானோ? நான் வடக்குத் தெற்குப் பாக்கிற ஆளோ? உதிலை எனக்கு நம்பிக்கை இருக்கோ?"

"நம்பாத மனிசன் பயப்பிடுவானோ?" என்றாள். "வந்த நாள் துவங்கி ஒரு வீட்டிலை பால் காய்ச்ச விட்டீங்களோ? காய்ச்சினால் இருந்துபோடுவம் எண்டு பயந்தது நானோ? இந்த வீட்டிலை உதை நம்புற ஒரே ஆள் நீங்கள்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, தம்பி. சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் தண்ணீரும் வந்தது. அவளும் சிரித்தாள். கீழ்வீட்டுக்காரர் தடியால் தங்கள் முகட்டில் தட்டுகிற அளவுக்குச் சிரித்தோம். போன வருசம் சண்டையில் யாழ்ப்பாணத்து எங்கள் சனமெல்லாம் ஊரை விட்டு எழும்பிப் போன செய்தி வந்த நாளில், எங்கள் வீட்டில் இப்போது ஆர் இருக்கிறார்கள் என்று கேட்க ஒரு ஆள்கூட அங்கே இல்லை என்று தெரிந்த நாளில், நான் யன்னலடியில் போய் நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சண்டை நின்றால் போகலாம் என்று நான் சொல்வதை அதற்குப் பிறகும் மறுத்துப் பேசவில்லை. இத்தனை காலமும் நான்தான் உங்களைத் தாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் என்னைச் சாயாமல் வைக்கப் பலகை வைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

இனி உண்மையான பயத்தைச் சொல்கிறேன். பாலும் இல்லை, குளிரும் இல்லை. இங்கே எனக்கு எழுத்துத் தெரியாது என்பது எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. பஸ் நம்பர் தெரியும், மீன்கடையை மணத்தால் தெரியும், தெரியாததைக் கேட்க நூறு தமிழ் வாய் இருக்கிறது. அங்கே போர்ட் இல்லாத தெருவில் பெரிய மனிசன் மாதிரி நடந்தேன் என்று சொன்னேனே, திரும்பி வருகிற வழியில் என் நெஞ்சை அரித்தது நீ சொன்ன மே மாதம்தான். போர்ட் எல்லாம் ஏறிவிட்டால் நான் மறுபடி உன் தோளைத் தட்டுகிற ஆள். அதுவும் நீ வேலைக்குப் போன பிறகு தட்டத் தோளும் இல்லை. இதுதான் நான் மென்றுகொண்டு திரிந்த சொல்லுக்குள் இருந்த கல்.

ஆகவே என் பதில் இது. ஓம். வாறம். ஆனால் மே மாதம் வரைக்கும் காத்திருக்க மாட்டேன். போர்ட்டுகள் ஏறுவதற்கு முன்னம் வர வேண்டும். குளிர்காலம் முழுதும் நான் அந்தத் தெருவில் நடந்து, ஒவ்வொரு கதவையும் படியையும் பிடித்து வைப்பேன். பச்சைக் கதவு எது, எந்தப் படி உடைந்தது, எந்தக் கடைக்குள் நாய் படுக்கும் என்று எல்லாம் எனக்குத் தெரிந்த பிறகு அவர்கள் தங்கள் எழுத்தைக் கொண்டுவந்து மாட்டட்டும். அந்தக் கிழவரிடம் சொல்லி வை. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பலகை வைக்கத் தெரிந்த ஆளோடு எனக்குப் பேச்சுத் தேவையில்லை. எங்களை ஏற்ற நீ வர வேண்டியதில்லை, ஆரையாவது வானோடு அனுப்பு. வழி நான் சொல்வேன்: கறுத்த மண், வெள்ளை வேலி, மரக்கரடி, இளஞ்சிவப்புப் பாறை, கல் மனிசர், பிறகு கண்ணாடி முழுதும் தண்ணீர்.

நீ பார்த்து வைத்திருக்கிற வாடகை வீட்டில் அடுப்பின் மேல் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துப் பார். சாய்ந்தால் சரிப்படுத்து. இந்த முறை ஒருவரும் சில்லை இறக்க வேண்டாம், பால் தன் பாட்டில் எந்தப் பக்கமும் வழியட்டும். நான் யன்னலாலே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உன் அம்மா இதற்கு மேல் எழுதமாட்டாளாம். பேனையை மூடிவிட்டு, அலுமாரிக்கு மேலிருந்து அந்தப் பானையை இறக்கித் துணியில் சுற்றப் போகிறாளாம்.